நகலின் பின்பக்கத்தில் ஐந்து தேதிகள்

நீதிமன்றம் தரும் சான்றிட்ட நகல் கைக்கு வந்தவுடன் பெரும்பாலானோர் தீர்ப்பின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள். வழக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்த எனக்கு வேறொரு பழக்கம் படிந்துவிட்டது. கடைசித் தாளைத் திருப்பி, அங்கே குத்தியிருக்கும் ரப்பர் முத்திரையை முதலில் பார்ப்பேன். நகல் மனு தாக்கலான தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, முத்திரைத்தாள் செலுத்திய தேதி, நகல் தயாரான தேதி, நகல் வழங்கிய தேதி என ஐந்து வரிகள் அதில் இருக்கும். நகல் பிரிவு எழுத்தர் நீல மையில், பெரும்பாலும் அவசரமாக, அவற்றை நிரப்பியிருப்பார். அரசு ஒரு வழக்கை எப்படி நடத்தியது என்பதை நாற்பது பக்கத் தீர்ப்பைவிட இந்த ஐந்து வரிகள் தெளிவாகச் சொல்லிவிடும்.

நான் வருவாய்த் துறையில் பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். பணியின் பிற்பகுதியில் ஒரு நில எடுப்பு அலுவலகத்தில் வழக்குகளைக் கவனித்தேன். சட்டம் படித்தவன் அல்லன்; வழக்குக் கட்டுகளைச் சுமந்து படித்ததுதான். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தபோது, "அரசுக்குன்னு தனியா ஒரு சட்டத் துறையே இருக்கு, உயர் நீதிமன்றத்துல இத்தனை அரசு வக்கீல் இருக்காங்க, அப்புறம் ஏன் மாமா எல்லா அப்பீலும் லேட்டாவே போகுது?" என்று கேட்டான். அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

அவன் கேள்வியிலேயே ஒரு தவறான எண்ணம் இருந்தது. கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், இருக்கும் சட்டத் துறை அரசின் வழக்குகளை நடத்துவதில்லை. அரசு அலுவல் விதிகளின்படி ஒவ்வொரு துறையும் தன் பொருளுக்குத் தானே பொறுப்பு. நிலத்தைப் பற்றிய வழக்கு வருவாய்த் துறையுடையது, ஆசிரியர் பணி மூப்பைப் பற்றிய வழக்கு பள்ளிக்கல்வித் துறையுடையது. சட்டத் துறை செய்வது வேறு. சட்டமுன்வடிவுகளை வரைவது, பிற துறைகள் எழுதும் விதிகளும் அறிவிக்கைகளும் மூலச் சட்டத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்ப்பது, அவற்றின் தமிழாக்கத்தைச் சரிபார்ப்பது, கேட்ட துறைக்குக் கருத்துரை வழங்குவது ஆகியவையே அதன் அன்றாட வேலை. மேல்முறையீடு செய்யலாமா என்ற கோப்பு அங்கே போகும். "மேல்முறையீட்டுக்குத் தகுந்த வழக்கே" என்றோ "தகுந்ததன்று" என்றோ ஒரு குறிப்புடன் திரும்பி வரும். அதற்கு மேல் அந்த வழக்கு எண்ணாயிற்றா (பதிவாகி எண் பெற்றதா), வாய்தா எந்த நாள், தடையாணை கிடைத்ததா என்பதெல்லாம் சட்டத் துறையின் பதிவேட்டில் இருக்காது. நோயாளியின் வீட்டுக்கு வராத மருத்துவர் என்று எங்கள் பிரிவில் ஒருவர் சொல்வார். சற்றுக் கடுமையான சொல்தான், ஆனால் பொய்யில்லை.

நீதிமன்றத்தில் நின்று பேசுபவர்கள் வேறொரு வரிசை. அரசமைப்பின் 165-ஆம் பிரிவின்கீழ் ஆளுநரால் நியமிக்கப்படும் தலைமை வழக்கறிஞர் அந்த வரிசையின் முதலிடத்தில் இருக்கிறார். அவருக்குக் கீழே கூடுதல் தலைமை வழக்கறிஞர்கள், அரசு ப்ளீடர் (சுருக்கமாக ஜி.பி.), சிறப்பு அரசு ப்ளீடர்கள், கூடுதல் அரசு ப்ளீடர்கள், அரசு வழக்கறிஞர்கள் என்று பல படிகள் உண்டு. உயர் நீதிமன்றச் சட்ட அலுவலர்களின் நியமனம் பொதுத் துறையின் வழியாகவும், மாவட்ட அரசு வழக்கறிஞர்களின் நியமனம் உள்துறையின் நீதிமன்றப் பிரிவுகள் வழியாகவும் நடக்கும். ஆட்சி மாறினால் இந்த வரிசை முழுவதும் மாறுவது வழக்கம். பஞ்சாப் வழக்கொன்றில் 2016-இல் உச்ச நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் நியமனம் வெளிப்படையாகவும் தகுதியின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதற்கடுத்த ஆண்டு தமிழகமும் நியமன விதிகளை வகுத்தது. விதிகள் இருந்தாலும், ஆட்சி மாறிய முதல் மூன்று மாதங்களில் ஜி.பி. அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழையவர் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருப்பார், புதியவருக்கு இன்னும் நீதிமன்ற அறை ஒதுக்கப்பட்டிருக்காது, நடுவில் கட்டுகள் தரையில் கிடக்கும். குற்றவியல் பக்கத்துக்கு உள்துறையின்கீழ் குற்ற வழக்குத் தொடர்வுத் துறை தனியாக இருக்கிறது. அதில் எனக்கு அனுபவமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆக, ஒரு வழக்கில் அரசு என்பது ஓர் ஆள் அல்ல. வழக்குக்கு உரியவர் ஒருவர், பேசுபவர் ஒருவர், கருத்துரை சொல்பவர் ஒருவர், பணம் தருபவர் நிதித் துறையில் இன்னொருவர். இவர்கள் நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. இவர்களுக்கிடையே ஓடுவது தாள், அந்தத் தாளைச் சுமந்து ஓடுபவர் பெரும்பாலும் ஓர் உதவியாளர்.

அந்த ஓட்டத்தின் முதல் கட்டம் 'பாராவைஸ்'. ரிட் மனுவின் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) உறுதி ஆவணத்தில் இருக்கும் ஒவ்வொரு பத்திக்கும் அலுவலகம் எழுதித்தர வேண்டிய பத்திவாரிக் குறிப்புரையைத்தான் எல்லோரும் இப்படிச் சொல்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை தமிழில் இருக்கும். வருவாய் ஆய்வாளர் அதன்மேல் தமிழில் எழுதியிருப்பார். வட்டாட்சியரின் கடிதமும் தமிழில்தான். உயர் நீதிமன்றத்தின் நடவடிக்கை அரசமைப்பின் 348-ஆம் பிரிவின்படி ஆங்கிலத்தில் நடப்பதால், இவை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் வேலை, சட்டமும் ஆங்கிலமும் அரைகுறையாகத் தெரிந்த என் போன்ற ஒருவரின் மேசையில் வந்து விழும். 'நத்தம்' (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் குறைவுபடும் என்று எங்களுக்குத் தெரியும்; ஆனால் நீதிபதி படிப்பது அந்தக் குறைவுபட்ட ஆங்கிலத்தைத்தான். நாங்கள் எழுதியதை ஜி.பி. அலுவலகத்தில் கவுண்ட்டராக, அதாவது எதிர் உறுதி ஆவணமாக, மாற்றித் தருவார்கள், அது கையெழுத்துக்கு எங்களிடம் திரும்பி வரும், கையெழுத்தாகி மீண்டும் போகும். இரண்டு முறை போய் இரண்டு முறை வருவதற்குள் மூன்று வாய்தா கழிந்திருக்கும்.

தீர்ப்பு எதிராக வந்த பிறகுதான் உண்மையான ஓட்டம் தொடங்கும். நில எடுப்பில் நடப்பதையே சொல்கிறேன். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் காலத்தில், அலுவலர் நிர்ணயித்த தொகை போதாது என்று நில உரிமையாளர் 18-ஆம் பிரிவின்கீழ் கேட்டால், வழக்கு சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தொகை உயர்த்தப்பட்டால் அரசு உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலவரம்பு 90 நாட்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களை இந்த 90-இலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருகிறது. நகல் மனு போடாமல் நாம் சும்மா இருந்த நாட்கள் கழியாது. முத்திரைத்தாள் கேட்ட பிறகு நாம் செலுத்தாமல் இழுத்த நாட்களும் கழியாது. நகல் தயாரான பின் அதை வாங்கப் போகாமல் இருந்த நாட்களும் கழியாது. முத்திரையில் ஐந்து வரிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். எந்த நாளுக்கு நீதிமன்றம் பொறுப்பு, எந்த நாளுக்கு நீ பொறுப்பு என்று அது பிரித்துக் காட்டிவிடுகிறது.

நகல் வந்தபின் மாவட்ட அரசு வழக்கறிஞரின் கருத்து வேண்டும். அது வந்தால் மாவட்ட ஆட்சியர் வழியாகச் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள நில நிர்வாக ஆணையரகத்துக்குக் கருத்துரு போகும். அங்கிருந்து கோட்டை. கோட்டையில் உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுத, பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று கோப்பு ஏறிச் செயலாளரிடம் போய், சட்டத் துறைக்குச் சென்று, அங்கும் அதே போன்ற படிகளில் ஏறி இறங்கி, பிறகு கீழே வரும். இந்தப் படிகளில் யாரும் அநியாயமாக வைத்திருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் ஆறு நாள், எட்டு நாள் வைத்திருப்பார்கள்; ஒவ்வொருவர் மேசையிலும் இதைப் போல நூறு கோப்புகள் இருக்கும். ஆனால் பதினைந்து மேசைகளில் எட்டு நாள் என்றால் 120 நாட்கள். அங்கேயே 90 கடந்துவிட்டது. இ-ஆபீஸ் என்ற கணினிக் கோப்பு முறை வந்தபின் கோப்பு நகரும் நேரம் குறைந்திருக்கிறது என்று இப்போது பணியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். மேசைகளின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பது கோப்பில் எங்கும் எழுதப்படுவதில்லை. பழைய சட்டப்படி உயர்த்தப்பட்ட இழப்பீட்டுக்கு நிலத்தைக் கையகப்படுத்திய நாளிலிருந்து முதல் ஆண்டுக்கு 9 விழுக்காடும், அதன்பின் 15 விழுக்காடும் வட்டி உண்டு. நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகச் சேர்த்துத் தரும் 30 விழுக்காட்டு ஆறுதல் தொகைக்கும் வட்டி கொடுக்க வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எல்லாம் சேர்ந்து 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டு வட்டி 6 லட்சம், ஒரு மாதத்துக்கு 50,000. ஒரு கோப்பு ஒரு மேசையில் ஒரு மாதம் உறங்கினால், அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரின் மாதச் சம்பளத்துக்கு இணையான தொகை அரசுக்கு நட்டம். இதை ஒருமுறை குறிப்புக் கோப்பிலேயே பென்சிலால் எழுதி வைத்தேன். மேலே இருந்தவர் அதை ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

தாமதமானால் காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் மன்னிப்பு மனு போடலாம். அதற்கென்று ஒரு மொழிநடையே உருவாகியிருந்தது: 'நிர்வாகக் காரணங்களால் ஏற்பட்ட தாமதம், வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று.' முன்பெல்லாம் இது செல்லுபடியானது. அனந்த்நாக் நில எடுப்பு ஆட்சியர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987-இல் தாராளமாகப் பார்க்கச் சொன்னது. அங்கே தாமதம் நான்கே நாள் என்பதை மறந்துவிட்டு நாங்கள் எல்லா மனுக்களிலும் அந்தத் தீர்ப்பைச் சேர்த்துக்கொண்டே இருந்தோம். 2012-இல் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், காலவரம்புச் சட்டம் அரசையும் கட்டுப்படுத்தும், கோப்பு சுற்றியது என்ற வழக்கமான விளக்கம் இனிப் போதாது என்று சொல்லிவிட்டது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதத்துடன் வந்தபோது 25,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்து, இவற்றைச் 'சான்றிதழ் வழக்குகள்' என்று அழைத்தது. உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கோப்பில் எழுதிக்கொள்வதற்கு ஒரு சான்றிதழ் வேண்டியே அரசு இப்படி வருகிறது என்பது அதன் பொருள். அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தகைய சான்றிதழுக்காகவே போடப்பட்ட மேல்முறையீடுகளுக்கு நானும் கட்டு தயாரித்திருக்கிறேன். தோற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், "விட்டுவிடலாம்" என்று முதலில் எழுதுபவர் மீது பின்னாளில் தணிக்கை கேள்வி கேட்கும் என்ற பயம் அந்தக் கோப்பை மேலே தள்ளிக்கொண்டே போகும்.

இவ்வளவும் அரசின் பக்கம். நீதிமன்றத்தின் பக்கமும் ஓர் அலுவலகம்தான் என்பதை வழக்காடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேடையில் இருக்கும் நீதிபதியை மட்டும் பார்க்கிறோம். அவருக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்தால் தலைமை எழுத்தர், சிரஸ்தார் (அலுவலக மேலாளர்), நாசர் (கட்டளைப் பிரிவைக் கவனிப்பவர்), நகல் பரிசோதகர், கட்டளை நிறைவேற்றுநர் என்று ஒரு முழு உலகம் இருக்கிறது. மாவட்டத்தில் முதன்மை மாவட்ட நீதிபதி அந்த உலகத்தின் தலைவர்; பணியாளர் இடமாற்றம், விடுப்பு, மேசை நாற்காலி வரை அவர் பார்வையில் இருக்கும். அவருக்கு மேல், அரசமைப்பின் 235-ஆம் பிரிவின்படி கீழமை நீதிமன்றங்கள் அனைத்தின் மீதும் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்துக்கு. அங்கே தலைமைப் பதிவாளரும் அவருக்குக் கீழ் நீதித்துறை, நிர்வாகம், கண்காணிப்பு முதலிய பொருள்களுக்குத் தனித்தனிப் பதிவாளர்களும் இருக்கிறார்கள்; எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பார் என்ற பட்டியலைத் தலைமை நீதிபதி மட்டுமே வகுக்க முடியும். 1862-இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தில் சில பதவிப் பெயர்கள் அதற்கும் முந்தைய வாடையுடன் இன்றும் இருக்கின்றன. கீழமை நீதிமன்றங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவிக்கையில் 'மசால்ஜி' என்ற பதவி இன்னும் வருகிறது. தீவட்டி பிடிப்பவர் என்று அதற்குப் பொருள். மின்விளக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பதவி மட்டும் அணையவில்லை.

கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது, பணப்பை அரசிடம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவு மாநிலத் தொகுப்பு நிதியின் மீது சாற்றப்பட்டது. சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வராது. கீழமை நீதிமன்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓர் ஊரில் புதிய சார்பு நீதிமன்றம் வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம் கருத்துரு அனுப்பும், உள்துறையின் நீதிமன்றப் பிரிவு அதைப் பார்க்கும், நிதித் துறை பணியிடங்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் பேரம் பேசும், பிறகு அரசாணை வரும். கட்டடம் பொதுப்பணித் துறை கையில். உரிமையியல் நீதிபதியைத் தேர்வாணையம் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். ஆகவே சார்பு நீதிமன்றத்து நகல் பிரிவில் இரண்டு பணியிடம் காலியாக இருந்து நகல் ஒரு மாதம் தாமதமானால், "கோர்ட்டில் நகல் தரவில்லை" என்று நாங்கள் எங்கள் தாமத மனுவில் எழுதுவோம். அந்தப் பணியிடங்களுக்கான கோப்பு எங்கள் கோட்டையிலேயே ஏதாவது ஒரு மேசையில் இருக்கும். இதைச் சுட்டிக்காட்டிய ஒரு சிரஸ்தாரிடம் என்னால் எதுவும் பதில் சொல்ல முடியவில்லை.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீட்டைக் கொடுத்தவுடன் அதற்கு முதலில் கிடைப்பது எஸ்.ஆர். எண். தாள்களைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பிறகு பிரிவு அலுவலர்கள் சரிபார்ப்பார்கள். குறை இருந்தால், இத்தனை நாட்களுக்குள் சரிசெய்து மறுதாக்கல் செய்க என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். குறை தீர்ந்த பிறகு, தாமதம் இருந்தால் அது மன்னிக்கப்பட்ட பிறகுதான் மேல்முறையீட்டுக்கு உண்மையான எண் கிடைக்கும். திருப்பப்பட்ட கட்டை மறுதாக்கல் செய்வதில் தாமதமானால் அதற்கும் தனியாக ஒரு மன்னிப்பு மனு போட வேண்டும். எண்ணான பின்னும்கூட, மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 41-ஆம் ஆணையின் 5-ஆம் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. தனியாகத் தடை வாங்க வேண்டும். இவை எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு வழக்கில் எஸ்.ஆர். எண்ணைப் பதிவேட்டின் 'மேல்முறையீட்டு எண்' என்ற பத்தியில் எழுதிவிட்டேன். அதன்பின் மாதந்தோறும் போன அறிக்கையில் 'மேல்முறையீடு நிலுவையில் உள்ளது' என்று போய்க்கொண்டே இருந்தது.

அந்தக் கட்டு திருப்பப்பட்டிருந்தது. தாமத மனுவில் 212 நாட்கள் என்று நான் கணக்கிட்டிருந்தேன்; பதிவகத்தின் கணக்கு 219. நகல் தயாரான தேதிக்கும் நாங்கள் அதை வாங்கிய தேதிக்கும் இடையே ஏழு நாள். நான் கடைசி வரியிலிருந்து எண்ணியிருந்தேன். சட்டம் நான்காம் வரியிலிருந்து எண்ணுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு தாளை மாற்றினால் போதும். ஆனால் திருப்பப்பட்ட கட்டு அரசு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில், அதே போன்ற பல கட்டுகளுக்கு நடுவே, பதினான்கு மாதம் கிடந்தது. அவர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நிலம் கொடுத்த பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வருவார். "அப்பீல் போட்டாச்சுன்னு சொல்றீங்க தம்பி, நம்பர் குடுங்க, எங்க வக்கீல் பாக்கணுங்கிறாரு" என்றார். எஸ்.ஆர். எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருடைய வழக்கறிஞர் தேடிப் பார்த்து, அப்படி ஒரு மேல்முறையீடே எண்ணாகவில்லை, தடையும் இல்லை என்று கண்டுகொண்டார். அரசுக்கு எதிரான தீர்ப்பாணையை மூன்று மாதம் நிறைவேறாமல் இருந்த பிறகே நிறைவேற்ற முடியும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மூன்று மாதம் எப்போதோ கழிந்திருந்தது. இ.பி. (தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் மனு) தாக்கலாயிற்று. சார்பு நீதிமன்றத்தில் எங்களுக்கு அறிவிப்பு வந்தது. நான் அதற்கும் 'மேல்முறையீடு நிலுவையில் உள்ளது' என்றே பதில் எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அமீனா வந்தார். இப்போது அந்தப் பதவிக்கு முதுநிலைக் கட்டளை நிறைவேற்றுநர் என்று பெயர். வாயில் வருவது அமீனாதான். உடன் அந்தப் பெரியவரும் அவருடைய வழக்கறிஞரும் வந்திருந்தார்கள். அமீனா எனக்குத் தெரிந்தவர். "கோவிச்சுக்காதீங்க சார், வாரண்ட்டுல ஜீப் நம்பர் போட்டிருக்கு. எட்டு நாற்காலி, ரெண்டு பீரோ, ஒரு கம்ப்யூட்டரும் இருக்கு" என்றார். பீரோக்களைத் திறந்து கோப்புகளை எடுத்துத் தரையில் அடுக்கினோம். ஜப்தி பீரோவுக்குத்தான், கோப்புக்கு இல்லை. ஜீப்பின் முன்கண்ணாடியில் அறிவிப்பை ஒட்டும்போது உள்ளூர்ச் செய்தியாளர்கள் படம் எடுத்தார்கள். பெரியவர் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. "ஜீப்பு எனக்கு எதுக்கு தம்பி" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மறுநாளே சென்னைக்குப் போனேன். பதினான்கு மாதம் நகராத கட்டு நான்கு நாளில் நகர்ந்தது. தாள் மாற்றப்பட்டது, மறுதாக்கல் தாமதத்துக்கு மனு போடப்பட்டது, 219 நாளுக்கும் மன்னிப்புக் கிடைத்து எண்ணாகி, தடை மனு நீதிபதி முன் வந்தது. அரசிடம் பிணை கேட்கக் கூடாது என்று 27-ஆம் ஆணையின் 8ஏ விதி இருந்தாலும், பண வழக்கில் பாதித் தொகையைச் செலுத்தச் சொல்வது வழக்கம். எட்டு வாரத்துக்குள் பாதியைச் சார்பு நீதிமன்றத்தில் கட்டச் சொல்லித் தடை கிடைத்தது. கட்டுவதற்குத் தேவைப்பட்ட நிதி ஒதுக்கீட்டை வாங்க நான் பட்ட பாடு தனிக் கதை. ஏழாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை கருவூலத்தில் பில் பாசாயிற்று. ஜீப் அதற்குள் இரண்டு மாதம் வெயிலில் நின்று பேட்டரி போயிருந்தது.

என் மருமகன் இதைக் கேட்டுவிட்டு, நீதிமன்றங்கள் உத்தரவிலேயே கண்டிப்பு காட்டினால் இப்படி நடக்காதே என்றான். கண்டிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் ரிட் வழக்குகளில் மிக அதிகமாக வரும் உத்தரவு எது என்று அவனுக்குச் சொன்னேன்: 'மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து, 12 வாரங்களுக்குள், சட்டப்படியும் தகுதியின் அடிப்படையிலும் தக்க ஆணை பிறப்பிக்க வேண்டும்.' யாருக்கும் பாதகமில்லாத உத்தரவு என்று அரசு வழக்கறிஞரும் மறுப்புத் தெரிவிக்க மாட்டார். அதன்பின் அலுவலகத்தில் அந்த 12 வாரத்துக்குள் பரிசீலித்து, முடியாது என்று காரணத்துடன் ஆணை போடுவார்கள். அந்த ஆணையை எதிர்த்து இரண்டாவது ரிட் வரும். 12 வாரம் கடந்தால் அவமதிப்பு வழக்கு வரும். தமிழகப் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் 1982-இல் பணி நீக்கப்பட்ட ஒருவர் 18 ஆண்டுகளுக்குப் பின் கோரிக்கை மனு கொடுத்து, அதைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தில் உத்தரவும் வாங்கி, அது மறுக்கப்பட்டபின் அதையே புதிய வழக்காக நடத்திய விவகாரம் 2008-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவு, செத்துப்போன உரிமைக்கு உயிர் கொடுக்காது என்று அங்கே சொல்லப்பட்டது. எங்கள் பிரிவில் அந்தத் தீர்ப்பின் நகலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தோம். பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவுகள் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அதிகாரிகளை எடுத்ததற்கெல்லாம் நேரில் அழைப்பதற்கு 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை வகுத்ததால், செயலாளர்கள் நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கும் காட்சி குறைந்திருக்கலாம்.

பெரியவருடைய வழக்குக்கு வருகிறேன். பாதித் தொகை சார்பு நீதிமன்றத்தின் கணக்கில் ஏறிய பிறகு, அதை எடுத்துக்கொள்ள அவர் அனுமதி கேட்டு மனு போட வேண்டும்; அந்த மனுவின் நகல் அரசு வழக்கறிஞருக்குத் தரப்படும்; ஆட்சேபம் உண்டா இல்லையா என்று அவர் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும்; சொல்வதற்கு எங்கள் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். நான் பதிவேட்டில் எஸ்.ஆர். எண்ணுக்குச் சிவப்பு மையில் தனிப் பத்தி போட்டுக்கொண்டிருந்த வாரத்தில் அந்தக் கடிதம் என் மேசைக்கு வந்தது. மனுவின் ஐந்து பத்திகளுக்கும் பாராவைஸ் கேட்டிருந்தார்கள்.